பனையிலிருந்து விழுந்தவர் வரும்போது

எலும்பு அறுவைப் பிரிவிலோ நரம்பு அறுவைப் பிரிவிலோ புதிதாகச் சேர்ந்து, தூத்துக்குடி, நெல்லைப் பக்கம் டியூட்டி பார்க்கப்போகும் பிள்ளைகளுக்குத் திருச்செந்தூரிலிருந்து எழுதுகிறேன். முதுகெலும்பு முறிந்து, தண்டுவடம் நசுங்கி வருகிறவர்களைப் பற்றி மட்டும்தான் சொல்லப்போகிறேன். இதில் பாதி உங்கள் பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது. இரவு இரண்டு மணிக்குக் காஷுவாலிட்டியில் அந்தப் பக்கம் நினைவுக்கு வராது என்பதால்தான் திரும்பச் சொல்கிறேன்.

1. எப்படி விழுந்தார் என்று கேளுங்கள். 'கீழே விழுந்துவிட்டார்' என்று ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) புத்தகத்தில் எழுதிவிட்டு நகராதீர்கள். இந்தக் கரையில் முதுகு உடையும் வழிகள் நான்கைந்துதான்; ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி உடைக்கும்.

உடன்குடி, சாத்தான்குளம் பக்கத்திலிருந்து பதநீர்க் காலத்தில் பனையேறிகள் வருவார்கள். அருவாப்பெட்டியும் கலயமுமாக உச்சிக்குப் போனவர், மட்டை முறிந்தோ தளைநார் நழுவியோ விழுந்திருப்பார். காலூன்றி விழுந்தால் குதிகால் எலும்பு நொறுங்கும். அந்த விசை அப்படியே மேலேறி, பெரும்பாலும் டி-12, எல்-1 கணுக்களில் போய் நிற்கும். மேலே விலா எலும்புகளோடு இறுகிய மார்புப் பகுதி, கீழே வளைந்து கொடுக்கும் இடுப்புப் பகுதி. இரண்டும் சந்திக்கும் இடம் அது. தண்டுவடம் முடிவதும் எல்-1, எல்-2 பக்கம்தான். ஆகவே அந்த ஓர் எலும்பு வெடித்தால் தண்டுவடத்தின் நுனியும் கீழே போகும் நரம்புக் கற்றையும் சேர்ந்தே மாட்டும். குதிகால் வலி பெரிதாக இருப்பதால் முதுகு வலியை அவர் சொல்லவே மாட்டார். மரத்திலிருந்து விழுந்து குதிகால் உடைந்த எவரையும் முதுகுக்குப் படம் எடுக்காமல் வீட்டுக்கு அனுப்பாதீர்கள்.

குனிந்த முதுகின்மேல் உப்பு மூட்டை விழுந்தால் கதை வேறு. எலும்பு நொறுங்குவதோடு ஒரு கணு இன்னொன்றின் மேலிருந்து விலகியே போய்விடும். கடலில் தலைகுப்புறப் பாய்ந்தவருக்கும், கோயில் கரையில் பேரலை தூக்கி மணலில் குத்தியவருக்கும் கழுத்தைப் பாருங்கள்; சி-5, சி-6 பக்கம். பைக்கில் வந்து விழுந்தவருக்குத் தலை முதல் இடுப்பு வரை எங்கும் இருக்கலாம். ஒரு முறிவைக் கண்டுபிடித்த மகிழ்ச்சியில் நின்றுவிட வேண்டாம். சுமார் பத்தில் ஒருவருக்கு வேறொரு மட்டத்தில் இரண்டாவது முறிவும் இருக்கும். முழு முதுகெலும்புக்கும் படம் வேண்டும்.

2. கந்த சஷ்டி ஆறு நாளும் தனிக் கணக்கு. பச்சை வேட்டி கட்டி இரவெல்லாம் சாலையோரம் நடந்து வருகிற பாதயாத்திரைக் கூட்டத்தில் வண்டி மோதிவிடும். அடிபட்டவர் நாள்கணக்கில் விரதம் இருந்திருப்பார். உடம்பில் நீர் வற்றியிருக்கும், சர்க்கரை இறங்கியிருக்கும். மயக்கத்துக்குத் தலைக்காயம்தான் காரணம் என்று முடிவுகட்டும் முன் விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பாருங்கள். உடன் வந்தவர்கள், "எங்க ஊருக்கே கொண்டு போயிருதோம் டாக்டர்" என்று வேன் பிடித்து நிற்பார்கள். நிலையற்ற கழுத்தோடு ஒருவரை வேனில் ஏற்றித் திண்டுக்கல்லுக்கு அனுப்புவதில் உள்ள ஆபத்தை, கோபப்படாமல், படத்தைக் காட்டிச் சொல்லுங்கள். படத்தைக் கண்ணால் பார்த்தவர்கள் பெரும்பாலும் கேட்பார்கள்.

3. தூக்குவதில் தலைப்பக்கம் நிற்பவர்தான் தலைவர். தோள், இடுப்பு, கால் என்று மூவர், தலைக்கு ஒருவர். எண்ணிக்கை சொல்வது தலையைப் பிடித்தவர். அவர் மூன்று என்றால் எல்லோரும் ஒன்றாகத் திருப்ப வேண்டும். வார்டு உதவியாளர்களில் பழையவர்கள் இதை உங்களைவிட நன்றாகச் செய்வார்கள். முதல் மாதம் அவர்களிடம் கற்றுக்கொள்ளுங்கள். ஆம்புலன்ஸில் வந்த பலகையிலேயே ஆளை விட்டுவைக்கக் கூடாது. உணர்ச்சி இல்லாத தோலுக்கு இரண்டு மணி நேரப் பலகையே போதும், புண் தொடங்கிவிடும்.

4. முதுகைப் பார்க்கும் முன் மூச்சும் ரத்தமும். இரண்டு வகை ரத்த அழுத்தத் தாழ்வுகளைப் பிரித்தறியப் பழகுங்கள். ரத்தம் ஒழுகி அழுத்தம் இறங்கியவருக்கு நாடி ஓடும், கை கால் சில்லென்று வேர்த்திருக்கும். கழுத்திலோ மேல்மார்பிலோ தண்டுவடம் அடிபட்டு அழுத்தம் இறங்கியவருக்கு நாடி மெதுவாக இருக்கும், தோல் வெதுவெதுப்பாக இருக்கும். முதலாமவருக்கு ரத்தம் வேண்டும். இரண்டாமவருக்குச் சலைனை ஊற்றிக்கொண்டே போனால் நுரையீரல் நனையும், நார்அட்ரினலின் வேண்டும். மரத்திலிருந்து விழுந்தவருக்கு இரண்டும் சேர்ந்தே இருக்கலாம் என்பதுதான் தொல்லை. ஆகவே வயிறு, இடுப்பெலும்பு, மார்பு மூன்றையும் பார்த்த பிறகே 'நரம்பு சார்ந்த அதிர்ச்சி' என்று எழுதுங்கள். சராசரி ரத்த அழுத்தத்தை 85-ஐ ஒட்டி ஒரு வாரம் வைத்திருப்பது நெடுநாள் வழக்கம். அண்மை வழிகாட்டல்கள் கொஞ்சம் இளக்கியிருக்கின்றன, ஆனால் 75-க்குக் கீழே விடலாம் என்று எவரும் சொல்லவில்லை. நசுங்கிய தண்டுவடத்துக்கு அழுத்தக் குறைவு இரண்டாம் அடி.

கழுத்து அடிபட்டவர் வந்தவுடன் நன்றாகப் பேசுவார், நள்ளிரவில் மூச்சு தளர்ந்துபோவார். உதரவிதானத்துக்கு நரம்பு சி-3 முதல் சி-5 வரையிலிருந்து வருகிறது. வீக்கம் ஒரு கணு மேலேறினாலும் ஆபத்து. ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு என்று எண்ணச் சொல்லுங்கள். மாலையில் முப்பது வரை எண்ணியவர் இரவில் பன்னிரண்டில் நின்றால், மானிட்டர் ஆக்ஸிஜன் 98 என்று காட்டினாலும் மயக்கவியல் மருத்துவரை எழுப்புங்கள்.

5. விரலை வைத்துப் பார்க்காமல் 'முழுச் செயலிழப்பு' என்று எழுதாதீர்கள். குண்டூசியும் பஞ்சும் எடுத்து இரு பக்கமும் 28 உணர்ச்சிப் பட்டைகளைப் பாருங்கள். பக்கத்துக்குப் பத்துத் தசைகளுக்கு ஐந்து ஐந்து மதிப்பெண், மொத்தம் நூறு. கடைசியில் ஆசனவாய். கூச்சத்தினால் அதை விட்டுவிடுகிற பி.ஜி.க்கள் நிறையப் பேர். எஸ்-4, எஸ்-5 பகுதியில் ஊசி முனை லேசாகத் தெரிந்தாலோ, விரலைச் சுற்றித் தசை இறுகினாலோ அந்த ஆள் 'ஏ' வகுப்பு, அதாவது முழுச் செயலிழப்பு, கிடையாது. அவருக்குக் கிடைக்கக்கூடிய மீட்சியும் நீங்கள் குடும்பத்துக்குச் சொல்லப்போகும் சொற்களும் அப்படியே மாறும். பெண் நோயாளி என்றால் செவிலியர் உடன் இருக்கட்டும், திரை போடுங்கள், எதற்கு என்று சொல்லிவிட்டுச் செய்யுங்கள். பார்த்த நேரத்தைக் கேஸ் ஷீட்டில் எழுதுங்கள். ஆறு மணி நேரம் கழித்து டியூட்டிக்கு வருகிறவர், நிலைமை ஏறியிருக்கிறதா இறங்கியிருக்கிறதா என்று அதை வைத்துத்தான் சொல்ல முடியும். முதல் நாள் தண்டுவடமே அதிர்ந்து கிடக்கும். 72 மணி நேரத்தில் மீண்டும் பார்ப்பது அதனால்தான்.

குளியலறையில் வழுக்கி விழுந்த அறுபது வயதுக்காரரை மறக்க வேண்டாம். எக்ஸ்ரேயில் முறிவே இருக்காது. கால் நடக்கும், கையால் டம்ளர் பிடிக்க வராது. தேய்ந்து குறுகிய கழுத்தில் தண்டுவடத்தின் நடுப்பகுதி கன்றிய கதை அது. 'பக்கவாதம்' என்று மருத்துவப் பிரிவுக்குத் தள்ளிவிடுகிறார்கள்.

6. நேரம். 2012-இல் வட அமெரிக்காவின் ஆறு மையங்கள் சேர்ந்து ஓர் ஆய்வு வெளியிட்டன. கழுத்துத் தண்டுவடம் அடிபட்ட 313 பேர். சிலருக்கு 24 மணி நேரத்துக்குள் அறுவை, மற்றவர்களுக்கு அதற்குப் பின். ஆறு மாதம் கழித்து அந்த வகுப்பு வரிசையில் இரண்டு படியாவது முன்னேறியவர்கள் முன்கூட்டிச் செய்தவர்களில் 19.8 சதவீதம், தாமதமானவர்களில் 8.8 சதவீதம். சீட்டுக் குலுக்கிப் பிரித்த ஆய்வு இல்லை, கழுத்துக்கு மட்டும்தான் என்பதையும் சேர்த்தே நினைவில் வையுங்கள். இருந்தாலும் உலகம் முழுக்க ஸ்பைன் அறுவைக்காரர்களை இரவில் படுக்கையிலிருந்து எழுப்பியது அந்த எண்கள்தான். எனக்கு அதில் கண்ணில் படுவது இன்னொன்று. முன்கூட்டிச் செய்தவர்களிலும் ஐந்தில் நான்கு பேருக்கு அந்த இரண்டு படி கிடைக்கவில்லை. குடும்பத்திடம் பேசும்போது இந்தப் பக்கத்தையும் வைத்துக்கொண்டு பேசுங்கள்.

திருச்செந்தூரிலிருந்து தூத்துக்குடி மருத்துவக் கல்லூரி 40 கிலோமீட்டர்; பாளையங்கோட்டை அறுபதுக்குள். நேரம் சாலையில் போவதில்லை. ஸ்கேன் எடுக்க ஓரிடம், கட்டு வைத்தியரிடம் எண்ணெய் போட ஓரிடம், வர்ம ஆசான் வந்து தடவிப் பார்க்கட்டும் என்று ஓர் இரவு, பிறகு சென்னையிலிருந்து மூத்த மகன் வரட்டும் என்று ஒரு பகல், இப்படித்தான் போகிறது. ஆசானைத் திட்டாதீர்கள், ஊரில் அவருக்கு மரியாதை உண்டு. 'கால் மரத்தவரைத் தொடாமல் அனுப்பிவிடுங்கள்' என்று அவரிடமே போய்ச் சொல்லி வைத்தால் அவரே ஆம்புலன்ஸைக் கூப்பிடுவார்.

விலகிய கழுத்து மூட்டுக்கு அறுவை அறை காலியாகும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. காது மடலுக்கு ஒரு சென்டிமீட்டர் மேலே இடுக்கி பூட்டி, ஆளை விழிப்பிலேயே வைத்து, எடையைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, ஒவ்வொரு முறையும் எக்ஸ்ரேயும் கை கால் பலமும் பார்த்துக்கொண்டே மூட்டை இறக்கலாம். அவர் பேசிக்கொண்டே இருப்பதுதான் உங்களுக்குப் பாதுகாப்பு. முதல் தடவை மூத்தவர் இல்லாமல் செய்யாதீர்கள்.

ஸ்டீராய்டு பற்றி ஒரு வரி. 1990-இல் வந்த ஆய்வை நம்பி எங்கள் தலைமுறை மெத்தில்பிரட்னிசலோனைப் பெரும் அளவில் ஏற்றியது. 2013-இல் அமெரிக்க நரம்பு அறுவைச் சங்கங்களின் வழிகாட்டலே வேண்டாம் என்று சொல்லிவிட்டது. தாலுகா ஆஸ்பத்திரியிலிருந்து அதைப் போட்டு அனுப்பினால் போட்டவரைக் குறை சொல்லாமல், சர்க்கரையையும் தொற்றையும் கவனித்துக்கொள்ளுங்கள்.

7. சங்கு குளிப்பவரைக் கத்தியால் தொடாதீர்கள். வேறெந்த ஊர்ப் பாடத்திலும் இது முன்வரிசையில் இருக்காது. இங்கே இருக்க வேண்டும். மன்னார் வளைகுடாவில் முத்துக்குளிப்பு 1961-ஓடு நின்றுபோனது. சங்கு குளிப்பு நிற்கவில்லை. திரேஸ்புரம் பக்கத்துக் குளியாட்கள் முன்பு மூச்சடக்கி இறங்கினார்கள். பின்னாளில் கம்ப்ரஸர் குழாயை வாயில் கவ்விக்கொண்டு ஆழத்தில் நெடுநேரம் இருக்கத் தொடங்கினார்கள். அழுத்தத்தில் ரத்தத்தில் கரைந்த நைட்ரஜன், மேலே வேகமாக வந்தால் குமிழியாகிவிடும். அது தண்டுவடத்தின் நாளங்களில் போய் அடைக்கும். படகில் ஏறிக் கொஞ்ச நேரத்தில் முதுகைச் சுற்றி வலி, பிறகு "காலு ரெண்டும் எங்கிட்ட இல்லாத மாரி இருக்கு" என்பார். சிறுநீர் நின்றுபோயிருக்கும்.

படகிலிருந்து தூக்கி வருகிறவர்கள் 'வழுக்கி விழுந்துட்டான்' என்று சொல்லிவிடுவார்கள். பயம்தான் காரணம், கம்ப்ரஸர் விவகாரம் வெளியே வரக்கூடாது என்று. எலும்பில் முறிவு இல்லை, கால் அசையவில்லை, தொழில் கடல் என்றால் எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு அவரிடம் தனியாகக் கேளுங்கள். இறங்கிய ஆழம், இருந்த நேரம், அன்றைக்கு எத்தனையாவது முறை என்று. நூறு சதவீத ஆக்ஸிஜனை முகமூடி வழியாக உடனே தொடங்குங்கள், நீர் ஏற்றுங்கள், சிறுநீர்க் குழாய் போடுங்கள், உயர் அழுத்த ஆக்ஸிஜன் அறை எங்கே இருக்கிறது என்று தொலைபேசியில் தேடுங்கள். அவருக்கு அறுவை அங்கேதான், கத்தி இல்லாமல். உங்கள் முதல் டியூட்டிக்கு முன்பே அந்த எண்ணை எழுதி மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துவிடுங்கள்.

8. எல்லா முறிவுக்கும் திருகாணி வேண்டாம். முறிவின் வடிவம், பின்புறத் தசைநார்களின் நிலை, நரம்பின் நிலை மூன்றுக்கும் மதிப்பெண் போடும் முறை 2005-இல் வந்தது. மூன்றும் அதற்குக் கீழும் என்றால் அறுவை இல்லாமல், ஐந்தும் அதற்கு மேலும் என்றால் அறுவை, நான்கு என்றால் உங்கள் முடிவு. வெடித்த எல்-1, பின்கட்டு அறுபடவில்லை, கால் நன்றாக இருக்கிறது என்றால் இடுப்புச் சட்டை போட்டு எழுப்பி நடக்கவிடலாம். காப்பீட்டில் வரும் என்பதற்காகச் செய்யச் சொல்கிற உறவினரும் உண்டு, செய்கிற ஆஸ்பத்திரியும் உண்டு. நீங்கள் அந்தப் பட்டியலில் சேராதீர்கள்.

9. அறுவை என்ன செய்யும் என்பதை நீங்கள் முதலில் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். தண்டுவடத்தை யாரும் தைப்பதில்லை. அதன்மேல் ஏறி நிற்கும் எலும்புத் துண்டையோ வட்டையோ அகற்றுகிறோம். ஆடும் எலும்பைக் கம்பியும் திருகாணியும் போட்டு நிறுத்துகிறோம். அவ்வளவுதான். பிரான்சில் ராய்-கமீல் 1960-களில் பெடிக்கிள் திருகாணியைக் கொண்டுவந்து, பிறகு அது எங்கும் பரவும்வரை, முதுகு முறிந்தவர் பெரும்பாலும் மூன்று மாதம் முதுகுக்கடியில் மடித்த தலையணையோடு படுக்கையில் கிடந்தார். இன்றைக்கு 'ஏ' வகுப்பு ஆளுக்கும் அறுவை செய்கிறோம் என்றால் அவர் நடப்பார் என்பதற்காக இல்லை. இரண்டாம் நாளே உட்கார வைக்கலாம், சளியை இருமித் துப்பலாம், வலியில்லாமல் திருப்பிப் படுக்க வைக்கலாம் என்பதற்காக.

வெளியே அவர் தாய் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு கேட்பார்: "ஆப்பரேசன் பண்ணுனா எம்புள்ள நடப்பாம்லா?" அந்தக் கேள்வியை இரண்டாகப் பிரியுங்கள். முதுகை நேராக்கி நிறுத்துவது எங்கள் கையில் இருக்கிறது, அதைச் செய்துவிடுவோம். நடப்பது தண்டுவடம் எவ்வளவு அடிபட்டிருக்கிறது என்பதைப் பொறுத்தது, அதை இப்போது இவ்வளவுதான் சொல்ல முடியும். உட்கார்ந்து சொல்லுங்கள், குடும்பத்தில் முடிவெடுக்கிறவரையும் வைத்துக்கொண்டு சொல்லுங்கள், மறுநாளும் அதையே சொல்லுங்கள். 'கடவுள் விட்ட வழி' என்று நீங்கள் சொல்லாதீர்கள். அதை அவர்கள் சொல்லிக்கொள்ளட்டும், முருகன் பக்கத்தில்தான் இருக்கிறார்.

10. அறுவை மேஜையில் உங்கள் முதல் வேலை எண்ணுவது. எந்தக் கணு என்று சி-ஆர்மில் கீழிருந்து ஒரு தடவை, மேலிருந்து ஒரு தடவை. குப்புறப் படுக்கவைக்கும்போது வயிறு தொங்கலாக இருக்கிறதா பாருங்கள். வயிறு அழுந்தினால் முதுகுச் சிரைகள் புடைத்து ரத்தம் கொட்டும். கண்மேல் அழுத்தம் இல்லை என்று நீங்களே குனிந்து பாருங்கள். பின்வளைவு எலும்பும் பிளந்திருக்கும் வெடிப்பு முறிவில், பிளவுக்குள் உறை கிழிந்து நரம்பு இழைகள் சிக்கியிருக்கலாம். அங்கே அவசரமாக எலும்பு கடிக்கும் கருவியை நுழைக்காதீர்கள். மற்றவற்றை மேஜை உங்களுக்குக் கற்றுத்தரும்.

11. தையல் பிரித்த பிறகுதான் ஆள் சாகிறார். இதைக் கடுமையாகவே சொல்கிறேன். முதல் உலகப் போரில் தண்டுவடம் அடிபட்ட வீரர்களில் பெரும்பாலோர் படுக்கைப் புண்ணிலும் சிறுநீர்த் தொற்றிலும் இறந்தார்கள். 1944-இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில்லில் லுட்விக் குட்மன் பிரிவைத் தொடங்கியபோது அவரிடம் புதிய மருந்தோ கருவியோ இல்லை. இரவும் பகலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை திருப்பிப் போடச் செய்தார், சிறுநீர்ப் பையைக் கவனித்தார், பிறகு வில்லும் அம்பும் கொடுத்துப் போட்டி வைத்தார். பாராலிம்பிக்ஸ் வந்தது அந்தப் போட்டியிலிருந்து.

வாட்டர் பெட் வாங்கிக் கொடுத்துவிட்டோம் என்று இருந்துவிடக் கூடாது. அதிலும் திருப்பத்தான் வேண்டும். மனைவிக்கோ அம்மாவுக்கோ, முடிந்தால் நோயாளிக்கே, நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை குழாய் விட்டுச் சிறுநீர் எடுக்கக் கற்றுக்கொடுங்கள். 1972-இல் மிச்சிகனில் லாபிடஸ் காட்டிய வழி இது: நுண்கிருமி நீக்கிய கையுறை வேண்டியதில்லை, சோப்புப் போட்டுக் கழுவிய கை போதும். நிரந்தரக் குழாயோடு வீட்டுக்கு அனுப்பப்பட்டவருக்குச் சிறுநீரகம் எத்தனை வருடம் தாங்கும் என்று யோசியுங்கள். டி-6-க்கு மேல் அடிபட்டவருக்குத் திடீரெனத் தலை வெடிக்கிற மாதிரி வலியும் அழுத்தம் இருநூறும் வந்தால் மாத்திரை தேடி ஓடாதீர்கள். உட்கார வையுங்கள், குழாய் அடைத்திருக்கிறதா பாருங்கள், மலம் இறுகியிருக்கிறதா பாருங்கள். இதை ஒரு சீட்டில் தமிழில் எழுதி அவர் பையில் வைத்தனுப்புங்கள். அடுத்த ஊர் டாக்டருக்கும் அது உதவும்.

12. பண விஷயத்தை 'சமூகப் பணியாளர் பார்த்துக்கொள்வார்' என்று விடாதீர்கள். 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' முதல் 48 மணி நேரச் செலவை ஏற்கிறது, ஆனால் சாலை விபத்துக்கு மட்டும். பனையிலிருந்து விழுந்தவருக்கு முதலமைச்சர் காப்பீட்டு அட்டைதான். பனைமரத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்திருக்கிறாரா, மீனவர் என்றால் அவர்கள் வாரியத்தில் இருக்கிறாரா என்று கேளுங்கள். எப்படி விழுந்தார் என்று நீங்கள் ஏ.ஆரில் எழுதிய அந்த ஒரு வரியை வைத்துத்தான் அங்கே கோப்பு நகரும்.

13. ஆய்க்குடியைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். தென்காசி பக்கம். எஸ். ராமகிருஷ்ணன் பொறியியல் படித்துக்கொண்டிருந்தபோது, 1975-இல் பெங்களூரில் கடற்படைத் தேர்வின் உடற்பயிற்சியில் விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்தார். தமக்குச் சிகிச்சை அளித்த ராணுவ மருத்துவர் அமர்ஜித் சிங் சாஹலின் பெயரில் 1981-இல் சொந்த ஊரிலேயே அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். 2020-இல் பத்மஸ்ரீ. தண்டுவடம் அடிபட்டவர்களுக்கு மறுவாழ்வுப் பயிற்சி அங்கே உண்டு. வேலூர் சி.எம்.சி.யில் மேரி வர்கீஸ் 1954-இல் வண்டி விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்த இளம் மருத்துவர். அங்கிருந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட் ஊக்கம் கொடுக்க, சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்தார். பிறகு நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவர் ஹோவர்ட் ரஸ்கிடம் பயிற்சி பெற்று வந்து, 1966-இல் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் திறக்கக் காரணமானார். இந்த இருவர் கதையையும் நோயாளியிடம் முதல் வாரமே சொல்லி ஊக்கப்படுத்தப் பார்க்காதீர்கள், எரிச்சல்தான் வரும். அவர் "இனி நான் என்ன செய்ய?" என்று கேட்கிற நாள் ஒன்று வரும், அன்றைக்குச் சொல்லுங்கள். ஆய்க்குடிக்குப் போக எந்தப் பஸ் என்பதையும் சேர்த்து.

14. ஓ.பி.க்குத் திரும்பி வரும்போது எக்ஸ்ரேயில் திருகாணி நேராக இருக்கிறது என்று பார்த்துவிட்டு அனுப்பிவிடாதீர்கள். ஆளைத் திருப்பிப் பிட்டத்தைப் பாருங்கள். வருடம் ஒரு முறை சிறுநீரக ஸ்கேன், கிரியேட்டினின். நாற்காலி வீட்டு நிலைவாசலில் நுழைகிறதா, கழிவறைக்கு எப்படிப் போகிறார் என்று கேளுங்கள். உடன்குடி பக்கத்துத் தேரி மணலில் சக்கரம் புதையும். அகலச் சக்கரம் உள்ள நாற்காலியா, மூன்று சக்கர வண்டியா எது அவருக்குப் பொருந்தும் என்று பிசியோதெரபிஸ்டையும் வைத்துக்கொண்டு பேசுங்கள். கல்யாணம் ஆனவர் என்றால் மனைவியோடு தனியாகப் பேச ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள்; அவர்களாகக் கேட்க மாட்டார்கள். கூட வந்த தம்பியோ மகனோ இப்போது அதே மரத்தில் ஏறுகிறாரா என்றும் கேட்டுவையுங்கள். ஏறுகிறார் என்றால் இடுப்பில் கயிறு கட்டச் சொல்ல அந்த நாளைவிட நல்ல நாள் கிடைக்காது.